பழைய தேக்கின் அழுக்கை எடுங்கள், மெருகை எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் சென்ற மாதம் வந்த ஒரு குறிப்பு, பழைய வீடுகளின் கதவு, நிலை, மாடிப்படி ஆகியவற்றில் கருமை படிந்திருந்தால் சலவை சோடா கரைத்த வெந்நீரால் நன்றாகக் கழுவி, காய்ந்தபின் இயந்திரத்தால் தேய்த்து, புதிய வார்னிஷ் பூசிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தது. ரங்கூனில் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் பலர் அதைப் படித்துவிட்டு, தை பிறப்பதற்குள் வீட்டைப் புதுப்பித்துவிடலாம் என்று ஆள் தேடத் தொடங்கியிருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்த யோசனை புதிய பலகைக்கோ, பெயின்ட் அடித்த மலிவான மரத்துக்கோ பொருந்தலாம். எழுபது, எண்பது, நூறு வயதான பர்மாத் தேக்குக்கு அது பொருந்தாது. கறுத்துப்போயிற்று என்று நாம் நினைக்கும் பழைய மரத்தில் பெரும்பாலும் கறுத்திருப்பது மரம் அன்று. அதன் மேல் பூசிய மெருகும் அன்று. மெருகின் மேல் ஏறியிருக்கும் புகை, எண்ணெய், தூசி ஆகியவைதான். அழுக்கை மட்டும் எடுத்தால் போதும் என்னும் இடத்தில் மரத்தையே சுரண்டி எடுத்துவிடுகிறோம் என்பதே என் மனக்குறை.

அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பம் எங்களுடையது. படிக்கட்டு, தரைப் பலகை, கதவு, ஜன்னல், சுவரோடு சேர்ந்த அலமாரி எல்லாம் தேக்கு. இவற்றைத் துடைப்பதும் காப்பதும் முப்பது ஆண்டுகளாக என் பொறுப்பு. தச்சு வேலை கற்றவள் அல்லேன். ஆனால் தவறு செய்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும், மறுபடி செய்து பார்த்தும் அறிந்துகொண்டவை சில உண்டு.

இந்த மரம் எப்படி வந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டில் நிற்கும் தேக்கைச் சுற்றிப் பட்டையையும் அதன் அடியில் உள்ள வெள்ளை மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே உலரவிட்டு, பிறகுதான் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது, உலர்ந்தது மிதக்கும். யானைகள் இழுத்துவந்து ஓடையில் தள்ள, மழைவெள்ளம் அதை ஆற்றுக்குக் கொண்டுவர, ஐராவதியிலும் சல்வீனிலும் தெப்பமாகக் கட்டி மில்லுக்கு அனுப்பினார்கள். இளமரத்தைத் தொடாமல், குறித்த சுற்றளவு வந்த மரத்தை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையை, 1856இல் கீழ் பர்மாவின் பெகு வட்டாரக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இங்கே வகுத்தார். அப்படித் தேர்ந்தெடுத்த முதிர்ந்த மரத்தின் வயிரத்தால், அதாவது உள்ளிருக்கும் கெட்டியான நடுமரத்தால், ஆனவைதான் நம் பழைய கதவுகள். இன்று அந்த வயிரத்தைப் பணம் கொடுத்தும் எளிதில் வாங்க முடியாது. 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத மரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசு தடை செய்யும் அளவுக்குக் காடு மெலிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஓர் அங்குலப் பலகை என்றாலும், அதன் முகத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2008 மே 2ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் வரை நர்கிஸ் புயல் ரங்கூனைத் தாக்கியது. கூரைத் தகடுகள் பறந்தன; ஜன்னல்கள் பெயர்ந்தன; எங்கள் முன்னறை முழுவதும் மழைநீர் புகுந்தது. வாசல் கதவும் பூஜையறைக் கதவும் ஒரே ஆசாரி செய்தவை. வாசல் நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி; பூஜையறை நிலையில் தாமரைக் கொடியும் இரண்டு மயில்களும். நனைந்து நின்ற இரண்டு கதவுகளிலும் ஒரு வாரத்துக்குள் சாம்பல் பூசியதுபோல வெள்ளை படர்ந்துவிட்டது. மரம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பயந்துபோனேன். நகரத்தில் பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பி வந்தபின், பழுது பார்க்கும் ஒருவரை அழைத்தோம். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துப் புதிதாகப் பூசினால்தான் மரம் பிழைக்கும் என்று அவர் சொன்னார். நானும் சம்மதித்தேன்.

அன்று மாலை வாசல் நிலையைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. லட்சுமியின் மூக்கு இல்லை. தாமரை மொட்டைப் பிடித்திருந்த விரல்கள் நான்கும் சேர்ந்து ஒரு கட்டையாகிவிட்டன. யானைகளின் துதிக்கையில் ஆசாரி உளிமுனையால் கீறியிருந்த மடிப்புகள், ஒவ்வொன்றும் அரிசியின் பருமன்தான் இருக்கும், அவை முழுக்க மறைந்து துதிக்கை வழவழப்பான குழாய்போல ஆகியிருந்தது. எங்கள் அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் முக்காலி போட்டு ஏறி மஞ்சள் குங்குமம் வைத்த இடம் அது. மரத்தின் நிறமும் போய்விட்டது. தேக்கைத் தேய்த்தால் உள்ளே வெளிறிய மஞ்சளாக இருக்கும். அது வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் தேன் நிறத்துக்கு வரும், பிறகு பழுப்பாகும். அந்த நிறம் பலகையின் மேல்தோலில் மட்டும் இருப்பது. நகத்தின் கனம்கூட இராது. உப்புத்தாள் நான்கு முறை போய்வந்தால் அத்தனை ஆண்டுகளின் வெயிலும் தூளாகத் தரையில் கிடக்கும். அதன் மேல் அவர் பூசிய கண்ணாடி வார்னிஷ் மூன்று மழைக்காலம் தாங்கவில்லை, தோல் உரிவதுபோல உரிந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், புதிதாகத் தேய்த்த முகத்தில் கனமான பூச்சு பிடித்து நிற்பது கடினம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கையில் இருந்த பணம் அத்துடன் தீர்ந்ததால் பூஜையறைக் கதவு தப்பியது. சில மாதங்கள் கழித்து, அலமாரி பூட்டு சரிசெய்ய வந்த பர்மிய முதியவர் ஒருவர், ஸயா என்று தெருவே மரியாதையாக அழைக்கும் மெருகுக்காரர், அந்த வெள்ளை படர்ந்த கதவைப் பார்த்துவிட்டு, "தமீ, இது மரத்தில் இல்லை, பூச்சில்தான் ஈரம் நிற்கிறது" என்றார். தமீ என்றால் பர்மிய மொழியில் மகளே என்று பொருள். பழைய மல்துணியில் பஞ்சை வைத்து உருண்டையாகக் கட்டினார். அதில் சில துளி ஸ்பிரிட் (எரிசாராயம்) விட்டுக் கையில் அழுத்தி, ஏறக்குறைய காய்ந்துவிட்டது என்னும் அளவுக்கு ஆனபின், பறவை தரையைத் தொட்டு எழுவதுபோல அந்தப் பலகையை நெடுகத் தடவி எடுத்தார். எங்கும் நிறுத்தவில்லை, ஓர் இடத்தில் இரண்டு முறை தொடவில்லை. துணி போன வழியில் வெள்ளை மறைந்து, கீழே இருந்த செம்பழுப்பு அப்படியே தெரிந்தது. நான் அருகில் நின்று பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஒரு பலகை முடிந்தது. உப்புத்தாளே தேவைப்படவில்லை.

அதற்குக் காரணம் எளியது. அந்தக் காலத்து வீட்டு உள்மரத்துக்குப் பெரும்பாலும் அரக்கு மெருகுதான் போட்டார்கள். பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கைச் சுத்தம் செய்து செதிளாக்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, துணி உருண்டையால் நூறு மெல்லிய பூச்சாக ஏற்றுவது. பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்வது அதுதான். அரக்குக்கு ஈரம் ஆகாது, தண்ணீர் நின்றால் வெளுக்கும். ஆனால் எவ்வளவு காலம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் இளகும். இளகும்போது உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறி மறுபடி தெளிந்துவிடும். இந்த ஒரு குணத்தை அறியாததால்தான் எங்கள் லட்சுமி மூக்கை இழந்தாள்.

ஆகவே எந்தப் பழைய மரத்தையும் தொடுவதற்கு முன் அதன் மேல் இருப்பது என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கதவின் கீல் பக்க விளிம்போ அலமாரியின் உள்மூலையோ போன்ற மறைவான இடத்தில், முதலில் தூசியையும் எண்ணெயையும் துடைத்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு. ஒன்றும் ஆகாமல், லாக்கர் பூச்சை இளக்கும் நைட்ரோ தின்னர் என்ற திரவம் பட்டு இளகினால் பிற்காலத்தில் தெளித்த லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன் என்னும் நெகிழிப் பூச்சு.

பர்மாவில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தித்சீ என்னும் மரப்பால் மெருகு இங்கே வழிவழியாக உண்டு. பெட்டி, சாமி மேடை, பழைய அலமாரி ஆகியவற்றில் கன்னங்கரேலென்று மின்னுவது அதுதான். அதைப் புகைக்கரி என்று எண்ணிச் சுரண்டிய வீடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கருமை அழுக்கு அன்று, ஒரு கைவினைஞரின் பல மாத உழைப்பு. ஐயம் இருந்தால் கையை எடுத்துவிடுவதே நல்லது.

இனி துடைக்கும் முறை. முதல் வேலை ஈரமே இல்லாமல் நடக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் மென்மையான பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, செதுக்கலின் குழிகளிலிருந்து தூசியைத் தள்ளி எடுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அது சேறாகிக் குழிகளுக்குள் இறுகிவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு. ஜன்னல் சட்டங்களின் குறுக்குப் பலகைகளுக்கும் இதே முறைதான். சிரமம் அதிகம் என்று தோன்றும், ஆனால் பாதி அழுக்கு இதிலேயே போய்விடுகிறது.

அடுத்து எண்ணெயும் மெழுகும் கலந்த பிசுக்கு. கைபடும் இடங்கள், கைப்பிடிக் கட்டை, தாழ்ப்பாளைச் சுற்றிய பகுதி, அடுப்படியை ஒட்டிய நிலை ஆகியவற்றில் இது மிகுதி. வெள்ளைத் துணியில் டர்பன்டைன் சிறிது தொட்டுத் துடைத்தால் பிசுக்கு இளகி வரும், அடியில் உள்ள அரக்குக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைத் துணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துணியில் கருப்போ சாம்பலோ வரும்வரை அழுக்கு வருகிறது என்று பொருள். செம்பழுப்போ தேன் நிறமோ வரத் தொடங்கினால் மெருகு வருகிறது, அங்கே நிறுத்திவிட வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லாக் கருவிகளிலும் இந்த வெள்ளைத் துணியைத்தான் அதிகம் நம்புகிறேன்.

பிறகே சோப்பு நீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு அரைத் தேக்கரண்டி போதும். துணியை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும் வரை முறுக்கிப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒரு சாண் ஒரு சாணாகத் துடையுங்கள். உடனே வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதன்பின் உலர்ந்த துணி. அடுத்த சாணுக்குப் போவது அதற்குப் பிறகுதான். வாளி நீரை ஊற்றிக் கழுவுவது அறவே கூடாது. நீர் பலகை இணைப்புக்குள் இறங்கும், பசை விட்டுப்போகும், மழைக்காலத்தில் அது உலராது. செதுக்கலின் மடிப்புகளுக்கு ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொள்ளலாம். அருங்காட்சியகங்களில் மரச்சிற்பங்களைத் துடைப்பவர்கள் இதே பஞ்சுக்குச்சியை உமிழ்நீரில் நனைத்துப் பயன்படுத்துவது உண்டு. உமிழ்நீரில் உள்ள நொதிகள் அழுக்கை மெல்லக் கரைப்பதால் அந்த வழக்கம் வந்தது. சாமி நிலையில் நமக்கு எச்சில் ஆகாது, ஆகவே அங்கே சோப்பு நீர்தான். ஆனால் அத்தனை பொறுமையோடு, நகத்தளவு நகத்தளவாக அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை அறிந்தபிறகு, ஒரு நாளில் முழுக் கதவையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் என்னிடமிருந்து போய்விட்டது.

பூஜையறை தனிக் கவனம் கேட்கும் இடம். விளக்கெண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, ஊதுபத்தித் தூள், சந்தனம், மஞ்சள், குங்குமம் எல்லாம் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். முதலாவதாக, டர்பன்டைன், ஸ்பிரிட் இரண்டும் தீப்பற்றுபவை. விளக்கை மலையேற்றி, அகலும் கற்பூரத் தட்டும் முழுக்க ஆறியபின், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அன்றைய மாலை விளக்கை அந்த அறையில் ஏற்றாமல் வேறிடத்தில் ஏற்றுவது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டாவதாக, மஞ்சள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் தெரியும். சலவை சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரமானதுதான். மஞ்சள் ஊறிய நிலையில் சோடா நீரை விட்டால் ரத்தம் வழிந்ததுபோலச் சிவப்புக் கோடுகள் இறங்கும். அது குங்குமக் கறை என்று நினைத்து மேலும் சோடா போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மஞ்சளின் நிறத்துக்கு எதிரி வெயில். மேலே உள்ள தூளைத் துடைத்து எடுத்துவிட்டு, பகல் வெளிச்சம் படும்படி ஜன்னலைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் தானே வெளுத்துவிடும்.

சோடாவின் கேடு மஞ்சளோடு முடிவதில்லை. காரம் அரக்கைக் கரைத்து இழுத்துவிடும், மரத்தின் நாரை எழுப்பிச் சொரசொரப்பாக்கும், மரத்தையும் கருக்கச் செய்யும். குறிப்பில் சொன்னபடி கழுவியவர்கள், கழுவியபின் மரம் முன்னைவிட அசிங்கமாகிவிட்டதே என்று எண்ணி இயந்திரத்தைத் தேடுவது இதனால்தான். பிளீச்சிங் நீரும் வேண்டாம். சீயக்காயைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே பர்மியர்களும் கின்பூன் என்று அதையே தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறார்கள். அது மென்மையானதுதான், ஆனால் அதன் தூள் செதுக்கலுக்குள் தங்கிப் பழுப்புக் கறையாகிவிடுவதால் வழவழப்பான பலகைக்கு மட்டும் வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொன்னால் பல வீடுகளில் என்னோடு கோபித்துக்கொள்வார்கள். துடைத்தபின் பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ தடவுவது நம் வீடுகளில் பழக்கம். எங்கள் அம்மாவும் சமையலுக்கு வீசைக் கணக்கில் வாங்கிய எண்ணெயில் ஒரு கரண்டி கதவுக்கு என்று எடுத்துவைப்பார். அன்று மாலை கதவு மின்னும் என்பது உண்மை. ஆனால் இந்த எண்ணெய்கள் உலர்ந்து இறுகும் வகை அல்ல. ஈரமாகவே நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கடிக்கும், அடுத்த பூச்சு அதன் மேல் ஏறும். எங்கள் பூஜையறைக் கதவில் நான் எடுத்த கருப்பில் பெரும்பகுதி, அன்போடு தடவிய எண்ணெய்தான்.

கீல், ஆணி, தாழ்ப்பாள் இவற்றைச் சுற்றி மைபோல் ஓடியிருக்கும் கருமை வேறு வகை. இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கடுக்காயும் இரும்புத்துருவும் சேர்ந்து மை ஆவதுபோல. சோப்புக்கு அது போகாது. ஆக்ஸாலிக் அமிலம் எடுக்கும், ஆனால் அது நஞ்சு, மெருகையும் கெடுக்கும். வேலை தெரிந்தவர் கையுறையோடு செய்ய வேண்டியது. ஈரம் வரும் வழியை அடைத்துவிட்டுக் கறையை அப்படியே விட்டுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து. இதே காரணத்தால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையும் ஈர மரத்தில் பயன்படுத்தாதீர்கள். அதன் துணுக்குகள் ரேகைக்குள் சிக்கித் துருப்பிடித்து, கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தெரியும்.

பழைய பெயின்ட் அடித்த ஜன்னல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ரங்கூன் கட்டடங்களின் பச்சை ஜன்னல்களில் எத்தனையோ அடுக்கு பெயின்ட் உண்டு. பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த பெயின்டை இயந்திரத்தால் தேய்த்தால் அந்த ஈயம் கண்ணுக்குத் தெரியாத தூளாக வீடு முழுவதும் பரவும். தவழும் குழந்தை தரையில் வைத்த கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதித்தபின் மீட்க முடியாது. உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்டை ஈரத்துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள். உதிர்வதை மட்டும் நனைத்து எடுத்து, துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த நாளில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் இருக்கச் சொல்வது நல்லது.

காலமும் முக்கியம். தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்வது நம் வழக்கம், ஆனால் இங்கே மே மாதக் கடைசியில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடுவதில்லை. அப்போது காற்றே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் அரக்கு மெருகு போட்டால் காயும்போதே வெளுத்துவிடும். துடைத்த மரமும் உலராமல் பூஞ்சை பிடிக்கும். மார்கழியும் தையும் இங்கே வறண்ட மாதங்கள். ஆகவே தீபாவளிக்குத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, மரவேலையைப் போகிக்கு முன்பான வாரங்களுக்கு வைத்துக்கொள்ளும்படி உறவினர்களிடம் சொல்லி வருகிறேன். மழைக்காலத்தில் செய்ய வேண்டியது, சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியை நான்கு விரற்கடை முன்னே இழுத்து வைத்துக் காற்று போக வழி செய்வது மட்டுமே.

துடைத்து முடித்து ஓரிரு நாள் உலர்ந்தபின், காப்புக்கு மெல்லிய தேன்மெழுகு போதும். ஒரு பங்கு மெழுகைச் சீவி, மூன்று நான்கு பங்கு டர்பன்டைனில் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் கரைந்து களிம்பாகும். எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பின் மேல் நேரே வைக்கக் கூடாது. துணியில் மிகக் கொஞ்சமாக எடுத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் அழுந்தத் தேய்த்துவிடுங்கள். நம் வெப்பத்தில் மெழுகு கனமாக இருந்தால் இளகித் தூசி பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அந்த எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால், உலரும்போது எழும் சூட்டில் நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். கொடியில் தனித்தனியாக விரித்து, வெளியில் காயவிட்ட பிறகே எறிய வேண்டும்.

தேய்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேர் ஏறி இறங்கி மெருகு முழுக்கப் போய்விட்ட மாடிப்படியின் மிதிபலகை, தண்ணீர் நின்று சிராய் எழும்பிய ஜன்னல் அடிக்கட்டை போன்றவற்றை மெல்லிய உப்புத்தாளால், கையால், தேவையான இடத்தில் மட்டும் தேய்க்கத்தான் வேண்டும். செதுக்கிய இடத்தில் இயந்திரம் போகவே கூடாது என்பதில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதை ரங்கூன்காரர்களுக்காக மட்டும் எழுதவில்லை. உங்கள் வாசகர்களில் பலர் செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்கள். அங்கே பழைய வீடுகளின் வளவுகளில் நிற்கும் தூண்களும், தூண்களின் தலையில் அமரும் போதிகைகளும், பெரிய நிலைகளும் இங்கிருந்து கப்பலேறிப் போன தேக்குதான். அவற்றில் எத்தனை நிலைகள் சுரண்டப்பட்டும், கழற்றப்பட்டும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாத்திவைக்கப்பட்டிருக்கின்றன என்பதை, ஊருக்கு வந்திருந்தபோது கண்ணால் பார்த்தேன். கோயில்களின் மர வாகனங்களுக்கும் இதே நிலைதான். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்டை அடுக்கடுக்காக ஏற்றி, குதிரையின் பிடரி மயிரையும் மயிலின் தோகைக் கண்ணையும் மூடிவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு வாகனத்துக்குக் கைங்கரியம் செய்ய முன்வரும் குடும்பங்கள், பெயின்ட் டப்பாவுக்குப் பதிலாக ஒரு நல்ல மரவேலைக்காரரின் ஒரு வாரக் கூலியைக் கொடுக்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சென்ற மாதக் குறிப்பு வந்த அதே பகுதியில், போகிக்கு முன்னதாக, பழைய மரத்துக்குச் சலவை சோடாவும் இயந்திரமும் வேண்டாம் என்ற திருத்தத்தையாவது வெளியிட வேண்டும். இடம் இருந்தால், அரக்கு மெருகு போடத் தெரிந்த பழைய ஆசாரிமார் ஒருவரைத் தேடிப் பேசி, துணி உருண்டை கட்டுவது முதல் கடைசிப் பூச்சு வரை படத்தோடு எழுதச் செய்யுங்கள். எங்கள் ஸயா காலமாகிவிட்டார். அவரிடம் முழுதாகக் கற்றுக்கொள்ளாமல் போனேன். பூஜையறைக் கதவின் இடது மயிலில் இன்னும் ஒரு சாண் அளவுக்குப் பழைய எண்ணெய்க் கருப்பு மீதம் இருக்கிறது. வருகிற மார்கழியில் பிரஷும் வெள்ளைத் துணியுமாக அதில் உட்காரப்போகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நெடுநாள் வாசகி,
ரங்கூன், பர்மா.